வெள்ளை அடிக்காத மேடு

தம்பி,

புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நம் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே நீ மூன்று தடவை ஹார்ன் அடித்தது எனக்குக் கேட்டது. "அம்மா, மொத ட்ரிப்பு நம்ம ரோட்டு வழியாத்தான். கீழ எறங்கி வந்து நில்லுங்க, நான் ஓட்டுறத நீங்க பாக்கணும்" என்று முந்தின நாளே போனில் சொல்லியிருந்தாய். பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண்கள் எல்லோரும் இறங்கிப் போனார்கள். ஒருத்தி உன் பஸ்ஸுக்குச் சுற்றிப் போட எலுமிச்சம்பழம்கூட எடுத்துப் போனாள். நான் வாசல் இஸ்தோப்புத் திண்ணையின் தூணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். படியில் கால் வைக்க முடியவில்லை. சாயந்தரம் நீ போனில் கேட்டபோது முழங்கால் வலி என்றேன். என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்தபோது உன் வலது கை முட்டி வீங்கியிருந்தது. சட்டையில் ரத்தம். யாருடைய ரத்தம் என்று பதறிக் கேட்டேன். "என்னோடது இல்லம்மா, பயப்படாதீங்க" என்று சிரித்தாய். நீ கண்டக்டராகப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸுக்கு ஸ்டாண்டில் நேரத் தகராறு, பின்னால் வந்த பஸ்ஸின் கண்டக்டரை மூக்கில் குத்திவிட்டாய், அவன் கீழே விழுந்த பிறகும் இரண்டு உதை விட்டாய். அதைச் சொல்லிவிட்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்பா ஒத்த ஆளா நின்னு ரோட்டையே நிப்பாட்டுனவரு. நான் அவரு மகன்தானே" என்றாய். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உன் அப்பாவைப் பற்றி நீ தெரிந்து வைத்திருப்பதில் பாதி நான் உன்னை நம்ப வைத்த பொய். நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன். பத்தாம் வகுப்புவரை படித்த எழுத்து இதற்காவது உதவட்டும்.

நீ வளர்ந்த தெரு உனக்குத் தெரியும். ரம்புக்கனைக்குப் போகிற ரோட்டில், கேகாலை டவுன் முடிகிற இடம். ரோட்டுக்கு ஒரு பக்கம் கடைகள், மறுபக்கம் மேட்டில் நம் லயம், அதற்கு மேலே ரப்பர் மரங்கள். அந்தத் தெருவில் ஒன்று உடைந்தால் அதைச் சரிசெய்ய யாரும் வந்ததில்லை. உன் அப்பாதான் வருவார். பகலெல்லாம் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடுகிற வேலை, கண் சிவந்து வீட்டுக்கு வருவார், ஒரு டீயைக் குடித்துவிட்டுத் தெருவில் இறங்கிவிடுவார். லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்குகிற படிகள் அவர் பழைய லொறி டயர்களைப் புதைத்து மண் நிரப்பிக் கட்டியவை. ரோட்டோரச் சாக்கடைக் கானின் மூடி உடைந்தபோது, இடிந்துபோன காம்பராவின் கதவைக் கழற்றி வந்து குறுக்கே போட்டார். மழை வெள்ளம் கதவைத் தூக்கிவிடாதபடி இரண்டு பக்கமும் கொங்கிரீட் கட்டிகளைப் பாரமாக வைத்தார். பஸ் நிற்கிற ஹோல்ட்டின் கூரை, யாரோ வீசியெறிந்த விளம்பரத் தகடு. எதைச் செய்தாலும் கடைசியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார். தையல்கடையில் கேட்டு வாங்கிய வெட்டுத் துண்டுகள் எப்போதும் அவர் இடுப்புச் சாரத்து மடிப்பில் இருக்கும். "என்னாத்துக்குங்க எல்லாத்துலயும் செவப்புத் துணி?" என்று நான் கேலி செய்வேன். "தெரியாம வந்து ஒருத்தன் கால் வச்சிரக் கூடாதுல்ல புள்ள" என்பார்.

உன் அக்கா தர்ஷினி போன அன்றைக்கு உனக்கு ஏழு வயது. காய்ச்சலில் படுத்திருந்தாய், அதனால் நீ எதையும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். தோட்டத்தில் வெட்டிய ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, காலி வாளியோடு அந்த டயர்ப் படியில் நின்றுகொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு அவள் எதிர்ப்பக்கம் வந்து நின்றாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ஹோல்ட்டில் ஒரு பஸ் நின்றது. நின்ற பஸ்ஸுக்கு முன்னால் அவள் குறுக்கே வந்தாள். பின்னாலிருந்து இன்னொரு பஸ் அதை முந்திக்கொண்டு வந்தது. இரண்டும் போட்டி போட்டு வந்தவை. டிரைவர் பிரேக்கை மிதித்ததை நான் பார்த்தேன், அவன் உடம்பே எழும்பி நின்றது. பஸ் நிற்கவில்லை. அவளை இழுத்துக்கொண்டே போய், பார்மசி வாசலுக்கு முன்னால் நின்றது. அவள் காலின் ஒரு சப்பாத்து நான் நின்ற இடத்துக்குக் கீழே கிடந்தது. மற்றதை நான் எழுதவில்லை. பதினொரு வயதுப் பிள்ளையை நான் இரண்டு கையாலும் அள்ளித்தான் எடுக்கவேண்டியிருந்தது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

அவளை யாரோ என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அதற்குள் ஜனம் கூடி டிரைவரை ஜன்னல் வழியாக வெளியே இழுத்துப் போட்டிருந்தது. அவனும் நம் ஆள்தான், யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். இருபத்தைந்து வயதிருக்கும், இப்போது உன் வயது. தரையில் சுருண்டு கிடந்தான். ஆளாளுக்கு மிதித்தார்கள். ஜனம்தான் அவனை அடித்தது என்று நீ கேள்விப்பட்டிருப்பாய். பொலிஸ் புத்தகத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நான் கானருகே போய், உன் அப்பா கதவுக்குப் பாரமாக வைத்திருந்த கொங்கிரீட் கட்டியைத் தூக்கி வந்தேன். கூட்டம் எனக்கு வழிவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று தெரிந்துதான் விட்டது. இரண்டு கையாலும் தூக்கி அவன் முகத்தில் போட்டேன்.

அந்தச் சத்தத்தை நான் உனக்கு எப்படி எழுத? பச்சைத் தேங்காயை உடைப்பது மாதிரி என்று சொல்வார்கள், அப்படி இல்லை. ஈரமாக இருந்தது. அவன் கண்ணிருந்த இடத்தில் கண் இல்லை. அவனுக்கு யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. தடவித் தடவி என் சேலையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, கண்ணு தெரியல அக்கா. என்னையப் புடிச்சுக்கங்க அக்கா" என்றான். தன்னைக் காப்பாற்ற வந்த யாரோ ஒரு பொம்பளை என்று நினைத்துவிட்டான். நான் குனிந்து மறுபடி அந்தக் கட்டியை எடுத்தேன். தலைக்கு மேலே தூக்கியும்விட்டேன். பின்னாலிருந்து யாரோ என் கையைப் பிடித்து முறுக்கிப் பிடுங்கினார்கள். பிடுங்காவிட்டால் அன்றைக்கே நான் கொலைகாரி. பொலிஸ் வந்து கேட்டபோது அத்தனை பேரில் ஒருவர்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மரண விசாரணைக்கு அவனை ஒரு கண்ணில் கட்டோடு கூட்டி வந்தார்கள். பஸ்ஸைச் சோதித்துப் பார்த்தவர் அங்கே சொன்னார்: பிரேக் குழாய் வெடித்த இடத்தில் டியூப் ரப்பரைக் கீறிச் சுற்றிக் கம்பியால் இறுக்கியிருந்ததாம். காலையிலேயே முதலாளியிடம் சொன்னேன் என்றான் டிரைவர். "கட்டி ஓட்டு, நாளைக்குப் பாப்போம்னு சொன்னாருங்க. வேல போயிரும்னு எடுத்தேன்." சொல்லிவிட்டு ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்து, "அக்கா, மன்னிச்சிருங்க" என்று கும்பிட்டான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான், அவன் கண்ணை எடுத்தவள் நான். அதற்குப் பிறகு அவன் ஸ்டீயரிங் பிடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். பிற்காலத்தில் அவன் தோட்டத்துக்குப் போய் விசாரித்தேன். குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

உன் அப்பா அழவில்லை. மனு எழுதினார். லயத்திலும் கடைகளிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். வேகத்தடை ஒன்று வேண்டும், பிள்ளைகள் கடக்கக் கோடு ஒன்று வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். அளந்து பார்க்க ஆள் வரும் என்றார்கள். யாரும் வரவில்லை. பஸ்கள் முன்னைப் போலவே பறந்தன. ஒருநாள் வந்து, "நானே போடப் போறேன் புள்ள" என்றார். பழைய லொறி டயர்களின் முதுகைக் கீறி எடுத்துப் பட்டை பட்டையாக அடுக்கினார். அதை ரோட்டில் ஆணியடித்து இறுக்கி, மேலே கல்தூளும் சீமெந்தும் கலந்து பூசுவது அவர் திட்டம். உயரம் நான்கு விரலுக்கு மேல் போகக் கூடாது, இரண்டு பக்கமும் சரிவாக இருக்கவேண்டும், வெள்ளைக் கோடு அடிக்கவேண்டும் என்று அட்டையில் படம் போட்டுக் காட்டினார். சுண்ணாம்பை ஒரு பெயின்ட் டின்னில் ஊறவைத்தார்.

சித்திரை வருஷப் பிறப்பன்றைக்குத்தான் அதைப் போட்டோம். அந்த வருஷம் புண்ணிய காலம் பட்டப்பகலில் வந்தது. அந்த நேரத்தில் சிங்கள ஆட்களும் நம் ஆட்களும் வேலைவெட்டியை விட்டு வீட்டிலும் கோயிலிலும் இருப்பார்கள், பஸ் ஓடாது, ரோடு வெறிச்சென்று கிடக்கும். நம் வீட்டில் சாவு விழுந்திருந்ததால் நமக்குப் பண்டிகை இல்லை. அப்பா ஆணியடித்தார். லயத்துப் பெண்கள் நாலு பேர் பால் வாளிகளில் கல்தூள் சுமந்து வந்தார்கள். நான் குழைத்துப் பூசினேன். அவர் சொன்ன உயரத்துக்கு மேலே நான் இன்னும் இரண்டு வாளி போட்டேன். "போதும் புள்ள, கூடிப் போச்சு" என்றார். "பஸ் நிக்க வேணாமா?" என்று கத்தினேன். என்னோடு மல்லுக்கட்டாமல் விட்டுவிட்டார். கொஞ்சம் இறுகட்டும், பிறகு வெள்ளை அடிக்கலாம் என்று சொல்லிவிட்டு, தூரிகை எடுக்க லயத்துக்கு ஏறினார்.

தம்பி, இனி எழுதப்போவது இந்த வெள்ளிக்கிழமைவரை உன் அப்பாவைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர் மேலே போனதும் நான் அந்தச் சுண்ணாம்பு டின்னைத் தூக்கிக் கானில் கவிழ்த்தேன். தட்டுப்பட்டுக் கொட்டிவிட்டது என்று அவரிடம் சொன்னேன். "கடை தொறக்க மூணு நாளாகும் புள்ள" என்று தலையில் கைவைத்தார். பிறகு ஓடிப்போய் நாலு கம்பு வெட்டி வந்து, சிவப்புத் துணி கட்டி, மேட்டுக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் தள்ளி நட்டார். அந்த இரண்டு நாளும் இரண்டிரண்டு தடவை இறங்கிப்போய் அதை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் விடியற்காலை ரோட்டோரத் தண்ணீர்ப் பீலிக்குப் போனேன். அன்றைக்குத்தான் பஸ் ஓடத் தொடங்குகிற நாள். நாலு கம்பையும் பிடுங்கிக் கானுக்குள் எறிந்தேன். மேடு கண்ணுக்குத் தெரிந்தால் பஸ்காரன் மெதுவாக ஏறி இறங்கிப் போய்விடுவான். தெரியக் கூடாது. தெரியாமல் முழு வேகத்தில் வந்து, அச்சு முறிந்து, கண்ணாடி உடைந்து, உள்ளே ஒருத்தன் மண்டை பிளக்கவேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் மேடு போட்டோம் என்று எல்லோருக்கும் சொன்னேன். உன் அப்பா அதற்காகத்தான் போட்டார்.

முதலில் வந்தது பஸ் இல்லை. லேசான தூறல், வெளிச்சம் சரியாக வரவில்லை. நான் இன்னும் பீலியில் நின்றுகொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது, பிறகு தகரம் ரோட்டில் உரசுகிற சத்தம். குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். பத்தொன்பது வயதுப் பையன். பெயர் கசுன் என்று பிறகுதான் தெரிந்தது. ஹெல்மெட்டின் வார் பூட்டியிருக்கவில்லை, அது தனியாக உருண்டு போயிருந்தது. சொந்தக்காரர் வீட்டுக்குக் கெவும் பலகாரம் கொண்டுபோயிருக்கிறான். பை கிழிந்து ரோடெல்லாம் பலகாரம் கிடந்தது, அதன் மேலே ரத்தம் ஓடியது. அவன் தலையின் பின்பக்கம் என் உள்ளங்கைக்குள் மெத்தென்று இருந்தது. ஒரு த்ரீவீல் ஆட்டோவை மறித்து ஏற்றினோம். என் மடியில்தான் தலை. ஆஸ்பத்திரிக் கேட்டுக்கு முன்னால் அவன் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது, பிறகு அசைவில்லை. இரண்டு மாதத்தில் இரண்டாவது பிள்ளையின் ரத்தம் என் சேலையில் காய்ந்தது.

நான் திரும்பி வந்தபோது உன் அப்பா கானருகே நின்றுகொண்டிருந்தார். கையில் நாலு கம்பும் இருந்தன, சேற்றில் நனைந்த துணியோடு. என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, கம்புகளை ஒவ்வொன்றாக முறித்து மறுபடி கானில் போட்டார். அதற்குள் கசுனின் ஆட்கள் வந்துவிட்டார்கள். பதினைந்து இருபது பேர், தடிப் பொல்லும் இரும்பு அலவாங்கும் எடுத்துக்கொண்டு டயர்ப் படியில் ஏறி வந்தார்கள். நம் லயத்து ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். "யார் போட்டது இந்த மேட்டை?" என்று சிங்களத்தில் கத்தினான் பையனின் அண்ணன். உன் அப்பா முன்னால் போனார். "நான்தான் மாத்தயா. நான் தனியாப் போட்டேன்" என்றார்.

முதல் அடி முழங்காலில் விழுந்தது. அலவாங்கு. எலும்பு முறிந்த சத்தம் நம் காம்பராவுக்குள் கேட்டது. விழுந்தவரைப் படியில் இழுத்துப்போட்டு அடித்தார்கள். விலாவில், முதுகில், முகத்தில். ஒவ்வொரு அடிக்கும் அவர் தலை டயரில் மோதி எழும்பியது. கூரைத் தகரங்களைப் பிடுங்கி எறிந்தார்கள். நீ "அப்பா" என்று கத்தினாய். நான் உன்னைக் கட்டிலுக்கடியில் அமுக்கி, என் கையால் உன் வாயைப் பொத்தியிருந்தேன். அன்றைக்கு அம்மா என்னைக் காப்பாற்றினாள் என்று நீ இன்றுவரை சொல்கிறாய். கதவைத் திறந்து, அவர் இல்லை, நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடி நின்றிருக்கும், அல்லது என்மேல் திரும்பியிருக்கும். நான் சொல்லவில்லை. பயம் தம்பி. அந்தக் கட்டியைத் தூக்கும்போது இல்லாத பயம் அப்போது வந்தது.

அவரை ஆஸ்பத்திரியிலிருந்தே ரிமாண்டுக்குக் கொண்டுபோனார்கள். வழக்கு முடிந்து அவர் வெளியே வர ஒன்றரை வருஷம் ஆனது. முதல் தடவை பார்க்கப் போனபோது கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். நான் சொன்னேன், "என்னாங்க, நான் பொலிஸுக்குப் போறேன். உண்மையச் சொல்லிர்றேன்."

"போய்?"

"ஒங்கள விட்டுருவாங்கல்ல."

"மேடு போட்டது நான்தானே. என்னைய விடமாட்டாங்க. ஒன்னையும் சேத்து உள்ள போடுவாங்க. பயலுக்கு யாரு சோறு ஆக்குறது?" பிறகு வலையில் நெற்றியை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "ஏன் புள்ள புடுங்குன?"

"அவனுங்க சாகணும்னு நெனச்சேன்."

"யாரு? எவன்னு தெரியுமா ஒனக்கு?"

அதற்குப் பிறகு அவர் உயிரோடிருந்த பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பேச்சை ஒரு தடவைகூட எடுக்கவில்லை. ஆனால் வெளியே வந்த பிறகு அவர் தெருவில் எதையும் சரிசெய்யவில்லை. கதவு உக்கிக் கானுக்குள் விழுந்தது. படியில் டயர்கள் பிதுங்கின. யாராவது வந்து கேட்டால், "என் கை ராசியில்லைங்க" என்று சொல்லிவிடுவார். நீ பத்தாம் வகுப்பில் படிக்கும்போது அவரிடமே ஒருநாள் கேட்டாய்: "எல்லாத்துலயும் செவப்புத் துணி கட்டுவீங்கன்னு சொல்றாங்க, அதுல மட்டும் ஏம்ப்பா கட்டல?" நான் அடுப்படியில் ஊதாங்குழலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். "மறந்துட்டேன் மகேன்" என்றார். தன் பிள்ளை முன்னால் கவனமில்லாத மனிதனாக நின்றார். நெஞ்சுச் சளியில் போகும்வரை அப்படியே இருந்துவிட்டுப் போனார்.

ஆகவே, அவர் ரோட்டை நிறுத்திய வீரர் என்று நினைத்துக்கொண்டு யாரையும் அடிக்காதே. உன் அப்பா தன் வாழ்நாளில் ஒருவர்மேலும் கை வைத்ததில்லை. அடிக்கிற கை என்னுடையது. கீழே விழுந்தவனை மறுபடி உதைத்தேன் என்று நீ சொன்னபோது, தலைக்கு மேலே கட்டியைத் தூக்கி நின்ற என்னைத்தான் கண்டேன். அந்த நேரத்தில் மனசு எவ்வளவு லேசாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயமாக இருக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன். ஒருநாள் உன் முதலாளியும் கட்டி ஓட்டு என்பான். குழாயோ, நட்டோ, ஸ்டீயரிங் கம்பியோ, ஏதோ ஒன்று. நம் ஆட்கள் எதையும் கட்டி ஓட்டப் பழகியவர்கள். குடையைக் கட்டலாம், அடுப்பைக் கட்டலாம், கூரையைக்கூடக் கட்டலாம். பிரேக்கைக் கட்டி ஓட்டாதே. சாவியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வா. நான் இன்னும் பால் வெட்டப் போகிறேன், இரண்டு பேர் சாப்பிடலாம்.

உன் பஸ் சத்தம் கேட்ட புதன்கிழமைக்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை கசுனின் வீட்டுக்குப் போனேன். நமக்கு அடுத்த ஹோல்ட்டில் இறங்கி, வயல் வரப்பில் கொஞ்ச தூரம். வீடு எனக்கு எப்போதும் தெரியும். ஒவ்வொரு வருஷமும் அவன் பெயரில் பிக்குகளுக்குத் தானம் கொடுக்கும்போது கட்டுகிற வெள்ளைக் கொடிகளை ரோட்டிலிருந்து பார்த்துக்கொண்டே பால் வாளியோடு நடந்திருக்கிறேன். அவன் அம்மா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சிங்களத்தில்தான் பேசினோம். நான் யார் என்று சொன்னேன். சுண்ணாம்பைக் கொட்டியது, கம்பைப் பிடுங்கியது, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். என் புருஷன் குற்றவாளி இல்லை என்றேன்.

அவள் விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் அடித்தாள். முதல் அடியில் என் உதடு கிழிந்தது. கையைத் தூக்காமல் நின்றேன். கன்னத்தில், தோளில், மறுபடி வாயில். முன்பல் ஒன்று ஆடுகிறது, வருகிறபோது பார்ப்பாய். விழுந்த பிறகும் அடித்தாள். வயசானவள், மூச்சு வாங்கி அவளே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் இரண்டு பேரும் அப்படியே வாசலில் கிடந்தோம். பிறகு கேட்டாள், "நீதானா அவனை மடியில் வைத்துக்கொண்டு போனது?"

"ஆமாம்."

"பேசினானா?"

பேசினான் தம்பி. பதினெட்டு வருஷமாக நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. "அம்மாட்ட கியன்ன எபா" என்றான். அம்மாவிடம் சொல்லவேண்டாம். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். அண்ணனின் மோட்டார் சைக்கிளைக் கேட்காமல் எடுத்து வந்திருக்கிறான். சாகப்போவது அவனுக்குத் தெரியவில்லை, திட்டு விழும் என்றுதான் பயந்தான். அதை அவளிடம் சொன்னேன். அவள் வாயில் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். "நான் அடிப்பேன் என்று பயந்திருக்கிறான். சின்னதிலிருந்தே நான் கண்டபடி அடிப்பேன்" என்றாள். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நான் எழுந்து கிளம்பினேன். வரப்புவரை போன பிறகு பின்னாலிருந்து கூப்பிட்டாள். உனக்குப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டாள். ஒரு மகன், பஸ் ஓட்டுகிறான் என்றேன். எந்த பஸ் என்றாள். இனி அவளிடம் மறைக்க முடியாது. நிறத்தையும் நேரத்தையும் சொன்னேன். "திங்கட்கிழமை எனக்கு ஆஸ்பத்திரியில் கிளினிக். அந்த பஸ்ஸில்தான் போவேன்" என்றாள். மிரட்டினாளா, வேறு எதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை. விளக்குமாற்றை எடுத்து மறுபடி கூட்ட ஆரம்பித்துவிட்டாள்.

இதை வாசித்த பிறகு நீ என்னைப் பார்க்க வராமல் இருக்கலாம். பொலிஸுக்குக் கூட்டிப் போவதானாலும் வருகிறேன், இப்போது சோறாக்க வேண்டிய பிள்ளை எனக்கில்லை. ஆனால் திங்கட்கிழமை வேலைக்குப் போ. நமக்கு அடுத்த ஹோல்ட்டில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெரியம்மா கிளினிக் கொப்பியோடு நிற்பாள். இடது கால் சரியாக ஊன்றாது. முன் சீட்டை அவளுக்குக் கொடுக்கச் சொல். திட்டினால் கேட்டுக்கொள், அடித்தால் வாங்கிக்கொள். ஆஸ்பத்திரி ஹோல்ட்டில் அவள் மெதுவாகத்தான் இறங்குவாள். பின்னால் எத்தனை பஸ் ஹார்ன் அடித்தாலும் அடிக்கட்டும். அவளுடைய இரண்டு காலும் தரையில் படும்வரை பிரேக்கிலிருந்து உன் காலை எடுக்காதே.

அம்மா